திரும்பி வரும் தேதி

அந்த அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை அவள் கணவர் விடவே இல்லை. இடது கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மேசைமேல் கிடந்த சுற்றுலாப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

டிராவல்ஸ் பெண் எதிரே உட்கார்ந்திருந்தாள். அம்மாளின் தாடையில் பவுடரையும் மீறி நீலம் தெரிந்தது. கீழ் உதடு வெடித்துப் பொருக்குத் தட்டியிருந்தது.

"மொத்தம் அஞ்சு ஊர் சார். முதல் ஊர்ல பழைய கோட்டை. கைடு வச்சுக் கூட்டத்தோட போகலாம். இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும் மட்டும் நிதானமா சுத்திப் பாக்கலாம்."

"கூட்டத்தோடதான் போகணும். எல்லா ஊர்லயும். காலையில இறங்கினா ராத்திரி ரூமுக்கு வர்ற வரைக்கும் கைடு கூடவே இருக்கணும்."

"ரெண்டாவது ஊர்ல அரண்மனைக்குள்ள ஒரு தோட்டம் இருக்கு. அங்கே ஒரு மத்தியானம் மட்டும் சும்மா விட்டுடலாமா? அம்மாவுக்குப் பிடிக்கும்."

அம்மாள் அந்தப் படத்தின்மேல் ஒரு விரலை வைத்தாள். நீரூற்றும், இரண்டு பக்கமும் நிழல் மரங்களும்.

"வேண்டாம்," என்றார் அவர். விரல் பின்வாங்கிக்கொண்டது.

ஊர் சுற்றிப் பார்க்கப் போகும் இடத்திலும் பெண்டாட்டிக்குக் காவல் போடுகிற ஆளை டிராவல்ஸ் பெண் இப்போதுதான் பார்க்கிறாள்.

"திரும்பி வர்ற தேதி என்ன சார் போடட்டும்?"

"அதை இப்போ போட வேண்டாம்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

அவளுக்குத் திக்கென்றது. கூட்டிக்கொண்டு போகிறவன் திரும்பக் கூட்டி வருவானா? அவரை எப்படியாவது வெளியே அனுப்பிவிட்டு அந்த அம்மாளிடம் பேசிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

"பாஸ்போர்ட் ஜெராக்ஸ் வேணும் சார். எதிர்க்கடையில எடுத்துட்டு வந்துடுங்களேன். அம்மா இங்கேயே இருக்கட்டும்."

"இவளைத் தனியா விட்டுட்டு நான் எங்கேயும் போறதில்லை."

இனி மறைத்துப் பேசிப் பயனில்லை. மேசைமேல் குனிந்து நேராகவே கேட்டுவிட்டாள். "அம்மா, யாரு உங்களை இப்படி அடிச்சது? பயப்படாம சொல்லுங்க."

அம்மாள் வாய் திறந்தாள். அதற்குள் கண்ணாடிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். உடனே எழுந்து அம்மாளின் கையை வெடுக்கென்று இழுத்தார். நாற்காலி கவிழ்ந்தது. அவள் வலியில் முனகினாள்.

"பின்னாடி வழி இருக்காம்மா?" என்றார் டிராவல்ஸ் பெண்ணிடம்.

குட்டு உடைந்ததும் ஓடப் பார்க்கிறான். அவள் போய்ப் பின்கதவை மறித்து நின்றாள். "முதல்ல அவங்க கையை விடுங்க."

உள்ளே வந்தவன் ஓர் இளைஞன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஹெல்மெட். ஆபத்துக்கு ஆள் கிடைத்தது என்று அவள் அவனைக் கூப்பிட்டாள். "தம்பி, கொஞ்சம் இங்கே வாங்க. இந்த ஆள் அவங்களை அடிச்சுக் கொல்றாரு."

"அப்படியா," என்றான் அவன். அவசரமில்லாமல் வந்து அவருக்கு முன்னால் நின்றான். "எங்கே ஓடறதா உத்தேசம்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஹெல்மெட் அவர் காதோரம் இறங்கியது. இரண்டாவது அடி மூக்கில் விழுந்தது. கோட்டைப் படத்தின்மேல் ரத்தம் தெறித்தது. அவர் திருப்பி அடிக்கவில்லை. தடுமாறிப் போய் அம்மாளின் மேல் கவிழ்ந்து, இரண்டு கைகளாலும் அவள் தலையை அழுத்திக்கொண்டார்.

இப்போதும் அவளைத்தான் நசுக்குகிறான் என்று டிராவல்ஸ் பெண்ணுக்கு ஆத்திரம் பொங்கியது. பாய்ந்து அவர் காலரைப் பற்றிப் பின்னால் இழுத்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வளைத்துப் பிடித்துக்கொண்டாள். தன்னிடம் இவ்வளவு பலம் இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

இளைஞனுக்கு வாகாகப் போயிற்று. விலாவில் உதைத்தான். உள்ளே ஏதோ மளுக்கென்று முறிந்தது அவள் கைக்கே தெரிந்தது. ஹெல்மெட் மறுபடியும் வாய்மேல் விழுந்தது. ஒரு பல் தெறித்து மேசைக் கண்ணாடிமேல் உருண்டது.

"வேண்டாம்ப்பா, விட்டுடுப்பா, உன் கால்ல விழறேன்," என்று அம்மாள் இளைஞனின் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் காலை உதறினான்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லிச் சொல்லியே இந்தப் பெண்களைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று டிராவல்ஸ் பெண் நினைத்தாள். பிடியைத் தளர்த்தவில்லை.

அவர் உடம்பு துவண்ட பிறகுதான் விட்டாள். பொத்தென்று தரையில் விழுந்தார். அம்மாள் தவழ்ந்து வந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

இளைஞன் மூச்சு வாங்கியபடி ஹெல்மெட்டைத் திரைச்சீலையில் துடைத்தான். டிராவல்ஸ் பெண் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க தம்பி. பெத்தா உங்களை மாதிரி ஒரு பிள்ளையைப் பெக்கணும்."

கணவரின் வாயிலிருந்து வழிந்த ரத்தத்தை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தாம்மா பெத்தேன்."