தப்பாமல் போட்ட மாத்திரை

“உனக்குப் படிக்கத் தெரியுமா?” என்று மூன்று மாதத்துக்கு முன் டாக்டரம்மா அருணாவிடம் கேட்டார். ஒன்பதாவதோடு நின்றவள் வெட்கத்தோடு தலையாட்டினாள். அன்றிலிருந்து அப்பாவின் கல்லீரல் கிருமிக்கான மாத்திரை அவள் பொறுப்பு.

இன்று திருப்பத்தூரில் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா முகம் சுளித்தார். “கிருமி போகவே இல்லையே! மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா?”

“ஒரு நாளும் தப்பலீங்கம்மா,” என்றார் அப்பா சடையன்.

அருணாவுக்கு ஆத்திரம் வந்தது. “பொய் சொல்லாதப்பா. நான் மாடு ஓட்டிக்கினு போனதும் துப்பிட்ட, இல்ல?”

“நெஞ்செரிச்சலுக்கு ஏதாவது போடுறீங்களா?” என்றார் டாக்டரம்மா. “வயித்துல புளிப்பு இருந்தாத்தான் இந்த மாத்திரை கரைஞ்சு ரத்தத்துல சேரும். எரிச்சல் மாத்திரை அந்தப் புளிப்பைக் குறைச்சிடும். அப்புறம் இதை முழுங்கியும் வீண்.”

அருணா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா வயிறு எரியுது என்றாரே என்று ஊருக்கு வந்துபோகும் ஜீப்காரரிடம் சொல்லி எரிச்சல் மாத்திரை வாங்கி, தினமும் சாமைக் கஞ்சிக்கு முன் அதைக் கொடுத்தது அவள்தான்.

“நானாத்தான் போட்டேங்கம்மா. பொண்ணுக்குத் தெரியாது,” என்றார் சடையன்.

“இன்னா மனுஷன் நீங்க! அந்தப் பொண்ணு பட்ட பாடெல்லாம் வீணாச்சே. இனிமே முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.”

அருணா வாய் திறக்கவில்லை. சடையன் பையை எடுத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் வெளியே போனார்.