இலவம்பஞ்சுச் சட்டை

"குதிங்க. மிதக்குதான்னு பாத்துட்டு அப்புறம் மீன் பிடிக்கப் போங்க" என்றாள் செபாஸ்தியம்மாள்.

இதையே அவள் பத்தாவது தடவையாகச் சொன்னாள்.

என் தூண்டில் கூட்டாளி முத்துச்சாமியின் தோட்டத்துக் கிணற்றில், தண்ணீருக்கு மூன்று படி மேலே நான் நின்றுகொண்டிருந்தேன். மார்பிலும் முதுகிலும் என் பெண்டாட்டி தைத்த சட்டை தலையணை மாதிரி உப்பிக்கொண்டு நின்றது.

குளத்தங்கரையில் முத்துச்சாமி பரிசலைத் தள்ளிவைத்துவிட்டு, வாரியா இல்லையா என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். வெயில் ஏறினால் மீன் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். வாரத்தில் ஆறு நாள் பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிறவனுக்கு இருப்பதே இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசை முடிந்ததும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு நாகல் நகரிலிருந்து கிளம்பினால், சைக்கிளின் பின்னால் இவளும் ஏறி உட்கார்ந்துகொண்டாள், மடியில் இந்தச் சட்டையோடு.

எல்லாம் போன மாதம் பரிசல் கவிழ்ந்ததால் வந்த வினை. ஈரத்தோடு வீட்டுக்குப் போய், நீந்திக் கரையேறினேன் என்று சொன்னேன். உண்மையில் முத்துச்சாமிதான் என் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து கரையில் போட்டார்.

எனக்கு நீச்சல் தெரியாது.

அது மட்டும் செபாஸ்தியம்மாளுக்குத் தெரியக்கூடாது. அவளுடைய தம்பி பத்து வயதில் கிணற்றில் விழுந்து இறந்துபோனான். ஊரே சுற்றி நின்றதாம், ஒருவர்கூடத் தண்ணீரில் இறங்கவில்லையாம். பெண் பார்க்கப் போன அன்றைக்கு என் மாமனார் கேட்ட முதல் கேள்வியே, மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா என்பதுதான். குளத்தைக் குறுக்கே நீந்துவேன் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். எட்டு வருடமாக அந்தப் பொய்யைக் கட்டிக்காத்து வருகிறேன்.

நீந்தத் தெரிந்தவனுக்கு எதற்கடி சட்டை என்று கேட்டால் இவள் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து நிற்பாள். முதலில், பிள்ளைகள் நீச்சல் பழகும்போது முதுகில் கட்டிக்கொள்கிற சுரைக்குடுக்கையைக் கொண்டுவந்து நீட்டினாள். பட்டறையில் தெரிந்தால் என் மானம் என்ன ஆவது? அடுத்து லாரி டியூப். அதை மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்தால் பரிசலில் முத்துச்சாமிக்கு இடமில்லை. பிறகு பழைய மெத்தையைப் பிரித்து ஒரு சட்டை தைத்தாள். தொட்டியில் போட்ட கொஞ்ச நேரத்தில் பருத்திப் பஞ்சு தண்ணீரைக் குடித்துவிட்டு அடியில் போய் உட்கார்ந்தது.

அத்தோடு விட்டாளா?

இலங்கைக்கு ஆள் ஏற்றிப்போகிற தனுஷ்கோடிக் கப்பலில் அவளுடைய பெரியப்பா மகனுக்கு வேலை. கப்பலில் ஆபத்துக்கு மாட்டிக்கொள்கிற மிதவைச் சட்டைக்குள் இருப்பது தண்ணீர் குடிக்காத இலவம்பஞ்சு என்று அவன் சொல்லிவிட்டான். வீட்டிலிருந்த இலவம்பஞ்சுத் தலையணை இரண்டும் போயின. எனக்குப் பத்து நாளாகக் கழுத்து வலி.

இதில் கால் இடுக்கில் கொடுத்துக் கட்ட ஒரு நாடா வேறு. கோவணம் மாதிரி. அதைக் கட்டவே மாட்டேன் என்றேன். கட்டாவிட்டால் சட்டை மட்டும் மிதக்கும், ஆள் கீழே போய்விடுவார் என்றாள்.

"ஏலே, மீனெல்லாம் போயிருச்சு!" என்று முத்துச்சாமி கத்தினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சட்டையைக் கழற்றி அவள்மேல் எறிந்தேன். "இம்புட்டு ஆசையா இருந்தா நீயே போட்டுக்கிட்டுக் குதி!"

சொல்லியிருக்கக்கூடாது.

அவள் சேலையை வரிந்து செருகினாள். சட்டையை மாட்டினாள். மார்பில் மூன்று நாடா, நான் கட்ட மறுத்த அந்த நாலாவது நாடா, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து முடிச்சுப் போட்டாள். அவளுக்கும் நீச்சல் தெரியாது. சும்மா மிரட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

குதித்துவிட்டாள்.

அவள் தலைக்கு மேல் தண்ணீர் மூடிக்கொண்டது. தொட்டியின் அடியில் போய் உட்கார்ந்த அந்தப் பழைய சட்டை என் ஞாபகத்துக்கு வந்தது. வேறு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

மறுநொடி என் காலடியில் படி இல்லை.

மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறியது. கையையும் காலையும் உதறினேன். எதுவும் பிடிபடவில்லை. அப்போது ஒரு கை என் காலரைப் பற்றி மேலே இழுத்தது.

செபாஸ்தியம்மாள் சுரைக்குடுக்கை மாதிரி மிதந்துகொண்டிருந்தாள். நான் அவள் தோளைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். சட்டை அவளுடைய காதுவரை ஏறியது. தலைவழியாகக் கழன்று போகாமல் அதைப் பிடித்து வைத்திருந்தது அந்த நாலாவது நாடாதான்.

சுவர்க் கல்லைப் பிடித்துப் பிடித்துப் படிக்கு வந்து சேர்ந்தோம். நான் குடித்த தண்ணீரையெல்லாம் இருமித் தீர்த்தேன். சாயம் வெளுத்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது.

"எனக்கு நீச்சல்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியாது. பொண்ணு பாக்க வந்தன்னைக்கே கண்டுக்கிட்டேன். கூட வந்தவுக எல்லாரும் எங்க கெணத்தை எட்டிப் பாத்தாக. நீங்க காபித் தம்ளரோட ஒதுங்கி ஒதுங்கிப் போனீக."

"அப்புறம் எதுக்குடி என்னையக் கட்டிக்கிட்டே?"

அவள் முந்தானையை முறுக்கிப் பிழிந்தாள். என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்.

"எந் தம்பி விழுந்தன்னைக்குக் கெணத்தைச் சுத்தி நின்னவுக அம்புட்டுப் பேருக்கும் நீச்சல் தெரியும்."