தென்னைமரக் கேசு

“ஓய் ஆறுமுகப்பெருமாள்! பத்தாந் தேதி கேசு. கோர்ட்டுக்கு வருவேரா, இல்ல படுத்தே கெடப்பேரா?”

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார் பொன்னுலிங்கம்.

ஆரல்வாய்மொழியில் அந்தத் தெருவே அவரைக் காறித் துப்பியது. பக்கத்து வீட்டுக்காரர் கேன்சரில் கிடக்கிறார். அவருடைய தென்னை தன் கூரைமேல் சாய்ந்திருக்கிறது, வெட்டணும் என்று போட்ட கேசுக்காக இப்படியா ஒரு மனுசன் குதிப்பான்?

ஆறுமுகப்பெருமாளின் நிணநீர்ப் புற்று ஆறு வருடமாகச் சாதுவாகத்தான் இருந்தது. “மெதுவா வளர்ற ரகம். இப்போதைக்கு மருந்து வேண்டாம், செக்கப்புக்கு மட்டும் வாங்க” என்றிருந்தார் டாக்டர். போன மாதம் திடீரென்று காய்ச்சல். கழுத்துக் கட்டி மூன்றே வாரத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு வந்துவிட்டது. சதை எடுத்துப் பார்த்தால், சாதுவானது வேகமான ரகமாக மாறியிருந்தது.

“பயப்படாதீங்க. நீங்க இதுவரைக்கும் கீமோவே எடுக்கல. அதனால மருந்து நல்லாக் கேக்க வாய்ப்பிருக்கு. ஆனா உடனே ஆரம்பிக்கணும்.”

முதல் பாதி அவர் காதில் ஏறவே இல்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். மனைவி அழகியநாயகி கெஞ்சினாள், அழுதாள், இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். மனுசன் மசியவில்லை.

அப்போதுதான் மதிலைத் தாண்டி அந்தச் சத்தம்.

விருட்டென்று எழுந்தார். “ஏட்டி, நான் செத்தா மரத்த வெட்டிரலாம்னு பாக்கானா அவன்? வண்டிய வரச்சொல்லு. நாளைக்கே கீமோ போடுவோம்!”

மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு தடவை. முடி போனது. வாயெல்லாம் வெந்து கஞ்சிகூட இறங்கவில்லை. நாலாவதோடு போதும் என்று மறுபடியும் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் மதில்மேல் பொன்னுலிங்கத்தின் தலை.

“கோடாலி தீட்டி வச்சாச்சு ஓய்!”

ஐந்தாவதுக்கு ஆறுமுகப்பெருமாள்தான் முதல் ஆளாக வண்டியில் ஏறினார்.

கடைசி ஸ்கேனைப் பார்த்து டாக்டரே சிரித்துவிட்டார். “நோய் தென்படவே இல்ல. மெதுவான ரகம் மட்டும் என்னைக்காவது எட்டிப் பாக்கலாம். செக்கப்ப விட்டுராதீங்க.”

அடுத்த வாய்தாவுக்கு ஆறுமுகப்பெருமாள் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு, அழகியநாயகியையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி போனார். கேஸைக் கூப்பிட்டார்கள். பொன்னுலிங்கத்தின் வக்கீல் எழுந்து, வாபஸ் வாங்குவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் ஆறுமுகப்பெருமாள் மீசையை நீவினார். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. “என்ன ஓய், பயந்துட்டேரா?”

பொன்னுலிங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மடித்து மடித்துக் கிழியப்போன வாபஸ் மனு. அதிலிருந்தது ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி.

“உமக்கு நோவு முத்திட்டுன்னு கேட்ட அண்ணைக்கே கையெழுத்துப் போட்டுட்டேன். உம்ம வீட்டுக்காரிதான் கொண்டுபோவ விடல்ல. ‘அண்ணே, நான் சொல்லி அவரு கேக்கல்ல. உங்களத் தோக்கடிக்கவாவது எந்திரிப்பாரு, கேச விட்டுராதீங்க’ன்னு ஒரே அழுகை. தெருவுல எம் மூஞ்சில துப்பாதவன் பாக்கி இல்ல ஓய்.”

ஆறுமுகப்பெருமாள் திரும்பிப் பார்த்தார். அழகியநாயகி சேலைத் தலைப்பை ரொம்ப மும்முரமாகச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ஆறுமுகப்பெருமாள் பொன்னுலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இனி நான் யாருகூட ஓய் சண்டை போட?”

“அதுக்கென்ன? நேத்து மதில ஒட்டிப் பலாக்கன்னு ஒண்ணு வச்சிருக்கேன். அது வேரு உம்ம பக்கம் வர எப்படியும் பத்து வருசம் ஆவும். அண்ணைக்கு வந்து எம்மேல கேசப் போடும்!”