மணிக்குத் திரும்பாத குழந்தை

உள்ளறையில் மறுபடியும் மணி அடித்தது.

“ஆரம்பிச்சாச்சு,” என்றாள் அவள், குழந்தையின் சட்டைகளை மடித்தபடியே. “இப்பத்தான் தலையணையைத் திருப்பி வெச்சுட்டு வந்தேன்.”

“விடு. கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும்,” என்றான் கணவன், செல்போனிலிருந்து நிமிராமல்.

பக்கவாதத்தில் மாமனாருக்குப் பேச்சு போனபோது அவன்தான் அந்தப் பித்தளை மணியை வாங்கி வந்தான். “ஏதாவது வேணும்னா அடிங்கப்பா, ஓடி வர்றோம்” என்று சொல்லித்தான் கொடுத்தான். அவரும் அடித்தார். வேண்டும்போது அடித்தார், ஒன்றுமே வேண்டாதபோதும் அடித்தார். போய் நின்றால் சும்மா முகத்தைப் பார்ப்பார்.

மணி இன்னொரு தடவை, பலமாக.

“சே, மனுஷி ஒரு வேலை பார்க்க...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். “என்னங்க, இவனைப் பாருங்களேன்.”

நாலு மாதக் குழந்தை விரிப்பில் மல்லாந்து கிடந்து, தன் கையையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

“நல்லாத்தானே இருக்கான்.”

“பக்கத்து ரூம்ல இவ்வளவு சத்தம். தலையைக்கூடத் திருப்பலைங்க.”

அவள் குனிந்து கை தட்டினாள். குழந்தை திடுக்கிட்டது. மறுபடி தட்டினாள். லேசாக இமைத்தது. அடுத்த தட்டலுக்கு அதுவும் இல்லை.

“காது கேக்கலைங்க இவனுக்கு.” அவள் குழந்தையை வாரி எடுத்தாள்.

“முதல் தடவை திடுக்கிட்டானே?”

“கை வீசினது கண்ணுல பட்டிருக்கும். உங்க சித்தப்பாவுக்கும் காது மந்தம்தானே?”

“அவருக்கென்ன, பாம்புச் செவி. சித்தியோட பேச்சைச் சமாளிக்க வேற வழி தெரியாம கேக்காத மாதிரி நடிக்கறாரு.”

“சிரிக்காதீங்க. கிளம்புங்க முதல்ல.”

டாக்டரிடம் அடித்துக் காட்ட மணி வேண்டும். மாமனாரின் இடது கையிலிருந்து எடுக்கப் போனாள். அவர் விடவில்லை. வாய் கோணி என்னவோ சொல்லப் பார்த்தார்.

“குடுங்க மாமா. குழந்தைக்குக் காது கேக்குதான்னே தெரியாம நானே செத்துக்கிட்டிருக்கேன், நீங்க வேற.”

விரல்கள் சட்டென்று விரிந்தன.

வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு இருவரும் ஓடினார்கள்.

டாக்டரம்மா குழந்தையின் காதில் ஒரு சிறு குழாயைப் பொருத்தி, கருவியின் திரையைப் பார்த்தார். பிறகு மணியை வாங்கிக்கொண்டு அவர்களுடைய நாற்காலிகளுக்குப் பின்னால் போனார்.

“போன மாசமே சந்தேகமா இருக்குன்னு சொன்னேன்,” என்று அவள் பல்லைக் கடித்தாள்.

“எப்ப சொன்னே?”

“நான் சொல்றது என்னைக்கு உங்க காதுல விழுந்திருக்கு?”

“தினமும் ஒரு வியாதி சொன்னா எதைன்னு கேக்கறது?”

பின்னால் ஒரு சாவிக்கொத்து குலுங்கியது. இருவரும் திரும்பினார்கள். அவள் மடியிலிருந்த குழந்தையும் கழுத்தை வளைத்துத் திரும்பியது.

அவள் அழுதேவிட்டாள். “கேக்குதா டாக்டர்?”

“நல்லாக் கேக்குது. கருவியும் அதைத்தான் சொல்லுது.”

“அப்ப நான் கை தட்டினப்ப ஏன்...”

“புதுச் சத்தம்னா மூளை என்னன்னு பார்க்கும். அதே சத்தம் திரும்பத் திரும்ப வந்து, அதனால ஒண்ணும் நடக்கலைன்னா, ‘இது சும்மா’ன்னு விட்டுடும். குழந்தைக்கு மட்டும் இல்லம்மா, எல்லாருக்கும் அப்படித்தான்.”

அவளுக்கு இன்னும் ஆறவில்லை. “எதுக்கும் அந்த மணியையும் ஒரு தடவை அடிச்சுப் பார்த்துடுங்க டாக்டர்.”

“அடிச்சேனேம்மா. நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டிருந்தப்ப, உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு மூணு தடவை அடிச்சேன்.”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சாவிக்கு மூணு பேரும் திரும்பினீங்க. மணிக்கு ஒருத்தர்கூடத் திரும்பலை.” டாக்டரம்மா மணியை மேஜைமேல் வைத்தார். “வீட்டுல இதை அடிச்சுக்கிட்டே இருக்கிறது யாரு?”