மூன்றாவது புள்ளி

மாரிகுப்பத்தில் மாயாவின் ஸ்டூடியோவில் இருப்பது இரண்டே குடை விளக்குகள். யாரைப் படம் எடுத்தாலும் கண்மணியில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் விழும். சுலோச்சனாவின் கண்ணில் மட்டும் மூன்றாவதாக ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது.

முப்பது வருஷத்துக்கு முன் தங்கச் சுரங்கத்தின் ஷாப்டில் இறங்கிய சுலோச்சனாவின் கணவர் ஏறி வரவேயில்லை. விதவைப் பென்ஷனுக்காக வருஷா வருஷம் அவள் இங்கேதான் படம் எடுத்துக்கொள்வாள்.

மாயா திரும்பிப் பார்த்தாள். பின்னால் வெறும் சுவர். எக்ஸ்போஷரைக் குறைத்து இன்னொன்று எடுத்தாள். வெள்ளைப் புள்ளிகள் மங்கின, மஞ்சள் மங்கவில்லை. ஆவல் தாங்காமல் பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் தேடிப் பெரிதாக்கினாள். இரண்டு வருஷத்துக்கு முன் அது கடுகளவு இருந்தது. போன வருஷம் மிளகளவு. இப்போது தொப்பியில் மாட்டும் விளக்கு என்றே தெரிந்தது. அதன் கீழே ஒரு தோளும் தெரிந்தது.

"எங்க பாத்தீங்க ஆன்ட்டி?"

"நீ சொன்ன எடத்ததான். எவ்ளோ கிட்ட வந்துகீறாரு?"

மாயா தன் வலது தோளுக்குப் பக்கத்தைக் காட்டினாள்.

சுலோச்சனா எழுந்துபோய், கண்ணாடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்துத் தன் வெறும் நெற்றியில் வைத்துக்கொண்டாள். திரும்பி வந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு எடும்மா. இது பென்ஷனுக்கு இல்ல."