ஏழாவது ஓட்டு

"தம்பி, சுத்தி வளைக்காம கேக்கிறேன். உங்க ஓட்டு எந்தப் பக்கம்?"

மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த புது ஆளிடம், ஆபீஸில் எல்லாரும் 'மீசை' என்று கூப்பிடும் சீனியர் காபியை நீட்டினார். "காலையில ஒருத்தர் வருவார், எல்லாத்தையும் காட்டுங்க" என்று முதலாளி நேற்றே சொல்லியிருந்தார்.

புரோகிராம் எழுதுகிற ஆறு பேரும், அதை அடிக்கிற சாஃப்ட்வேரான எடிட்டர் பழசே இருக்கட்டுமா புதுசு வாங்கலாமா என்று ஓட்டுப் போட்டு, மூணுக்கு மூணு என்று முட்டிக்கொண்டு நின்றார்கள். போன வருஷம் எந்தக் கம்ப்யூட்டர் மொழி, ஜாவாவா பைத்தானா என்ற சண்டையும் இப்படித்தான். கடைசியில் ஒரே பில்லிங் சாஃப்ட்வேரைப் பாதி அதிலும் பாதி இதிலுமாக எழுதி வைத்தார்கள். திரையில் ஒரு தொகை வரும், பில்லில் வேறு வரும்.

மீசைக்கு இது மானப் பிரச்னை. இருபது வருஷமாக ஒரே எடிட்டர். மவுஸைத் தொடாமல் விரலாலேயே சிலம்பம் ஆடுவார். புதுசு வந்தால் நேற்றுச் சேர்ந்த பொடிசுகளிடம் "இதை எப்படிம்மா மூடறது?" என்று கேட்டு நிற்க வேண்டும்.

"அண்ணே, அவர் மனசைக் கலைக்காதீங்க!" எதிரணித் தலைவி கண்ணாடிக்காரி கேக்கோடு ஓடிவந்தாள். "சார், புது எடிட்டர்ல ஒரு வரி அடிச்சா போதும், மீதியை ஏஐ எழுதிடும்."

"எழுதுமே! வாங்க வந்தவருக்குக் கடைக்காரரே காசு கொடுத்து அனுப்புற மாதிரி போன வாரம் எழுதிச்சே, அதானே?"

"உங்க பழசுல மட்டும் என்ன? உள்ள போனவன் அதை மூடிட்டு வெளிய வர வழி தெரியாம அழறான்!"

ஆள் காபியைக் குடித்தார், கேக்கையும் விடவில்லை. இரண்டு பக்கமும் தலையை ஆட்டினார். ஜவுளிக்கடை வாசலில் பேரம் படியாமல் நிற்கிறவர்களின் ஆட்டம் அது. இன்னும் ஏதோ எதிர்பார்க்கிறார் என்று மீசைக்குப் புரிந்துவிட்டது.

"தம்பி, ஜன்னலோர இடம் என்னோடது. நீங்களே எடுத்துக்குங்க."

"நாற்காலியும் சேர்த்தா?"

"நாற்காலியும் சேர்த்து!"

ஆள் எழுந்துபோய் நாற்காலியைத் தட்டி, ஆட்டி, கவிழ்த்துக்கூடப் பார்த்தார். "அப்ப பழசே இருக்கட்டும் சார்."

மீசை மீசையை முறுக்கினார். கண்ணாடிக்காரி கேக்கைப் பிடுங்கப் பார்த்தாள், தட்டுதான் மிச்சம்.

கதவைத் திறந்து முதலாளி எட்டிப்பார்த்தார். "என்ன, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்! நாலுக்கு மூணு! பழைய எடிட்டர்தான்!"

"உங்களைக் கேக்கலைங்க" என்ற முதலாளி புது ஆளிடம் திரும்பினார். "நாளைக்குள்ள ஆபீஸைக் காலி பண்ணணும். சாமானுக்கெல்லாம் என்ன விலை சொல்றீங்க?"

"உள்ள எது ஓடினா எனக்கென்ன முதலாளி, கம்ப்யூட்டரை எல்லாம் நான் எடைக்குத்தான் எடுப்பேன். அந்த நாற்காலியை மட்டும் இந்த சார் சும்மாவே கொடுத்துட்டாரு."