திரும்பி வந்தவரின் அடையாளங்கள்

கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கான அலுவலகத்தில் ரெஜினாள் தன் கணவனின் அடையாளங்களைச் சொன்னாள். ஐம்பது வயது, குடிப்பார், இடது காலை விந்தி நடப்பார். மேசையிலிருந்த பெண் அவற்றைக் கணினியில் ஏற்றினாள். முன்பு காணாமல் போனவர்களில் அவரை அதிகம் ஒத்தவர் யாரென்று பார்த்து, அந்த ஆளுக்கு நேர்ந்ததை அது சொல்லும். “இவரு மாதிரியே ஒருத்தர் இருந்திருக்காருக்கா. அவரு வரல” என்றாள் பெண். “வயசக் கொறச்சுப் போடும்மா.” குறைத்ததும் வேறொருவர் வந்தார். அவரும் கரை சேரவில்லை. “குடிக்கமாட்டாருன்னு போடு.” பெண் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போட்டாள். அடுத்தவரும் அப்படியே. “காலு நல்லாருக்குன்னு போடு.” இந்த முறை வந்தவர் எங்கோ கரை ஒதுங்கி, ஒரு பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்பியிருந்தார். “இது போதும்” என்று ரெஜினாள் எழுந்தாள். வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள். காலை மடக்க முடியாத கணவன் உட்கார்ந்து சாப்பிடும் ஸ்டூலைக் கொல்லையில் போட்டுவிட்டு, தரையில் பாய் விரித்தாள். பொழுது சாய்ந்தபோது வாசலில் காலடி கேட்டது. இரண்டு காலையும் சமமாக ஊன்றி நடந்து வரும் சத்தம். ரெஜினாள் தலை நிமிராமல் தட்டில் சோற்றைப் போட்டாள்.